ஐந்தாவது பெயர்

முழங்காலில் நிற்போம் என்று பாதிரி ஐயர் சொன்னதும் வேதக்கோயில் பெஞ்சுகள் எல்லாம் ஒரே நேரத்தில் முனகின, என் முட்டிகளும் அவற்றோடு சேர்ந்து முனகின, அறுபத்தெட்டு வயது முட்டிகள், முப்பது வருடம் கிணற்றோரத்தில் மண்டியிட்டுப் பம்புசெட் கழற்றிய முட்டிகள், அவற்றுக்கு ஜெபம் எது, வேலை எது என்று தெரியாது, வலிக்க மட்டும் தெரியும். முன் பெஞ்சின் முதுகில் கைகளை ஊன்றி முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டேன். இப்படிப் புதைத்தால் அழுகிறான் என்று நினைப்பார்கள், நினைக்கட்டும், வார்னிஷ் வாடை வருகிறது, என் மூச்சே திரும்பி என் முகத்தில் அடிக்கிறது, காலையில் குடித்த காப்பியின் புளிப்போடு. புது ஐயர் தொண்டையைச் செருமுகிறார். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து மூன்றாவது ஞாயிறு, முப்பத்திரண்டு வயது இருக்கும், அங்கியின் இஸ்திரி மடிப்புகூட இன்னும் கலையவில்லை, இவ்வளவு நேரமும் சோதனையில் சந்தோஷப்படுவது எப்படி என்று பிரசங்கம் செய்தார். பொன்னை நெருப்பில் போட்டால் சுத்தமாகுமாம், நாமெல்லாம் பொன்னாம். இவர் எந்தப் பொன்னை எந்த நெருப்பில் போட்டார். நான் இரும்பைப் போட்டுப் பார்த்திருக்கிறேன், கறுக்கும், வளையும், ஆறிய பிறகு முன்பு பொருந்திய இடத்தில் பொருந்தாது, தட்டித் தட்டித்தான் உட்கார வைக்க வேண்டும். பிரசங்கத்தின் நடுவில் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன, காய்ச்சல் வந்தால் ஊசிக்கு ஓடுகிற குரல்கள். இப்போது வியாதிக்காரர்களுக்காக ஜெபம். ஐயரின் கையில் இருக்கும் அட்டை நான் எழுதியது. அதில் ஏழு பெயர்கள். ஐந்தாவது பெயர் தொற்காள், என் மனைவி. அவள் செத்து ஐந்து மாதம் ஆகிறது.

ஐயருக்கு அது தெரியாது, கோயிலில் மற்ற எல்லாருக்கும் தெரியும், அவள் சவப்பெட்டியைத் தூக்கியவர்களே இதோ எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் மண்டியிட்டிருக்கிறார்கள், அவர்களுடைய உள்ளங்கால்களைக் கை இடுக்கு வழியே பார்க்கிறேன். அன்னபாக்கியம், முழங்கால் வலி, என்று ஐயர் முதல் பெயரைப் படிக்கிறார், சுகம் தாரும் கர்த்தாவே என்று கோயில் முழுக்கப் பதில் சொல்கிறது. பதினோரு வருடமாக அன்னபாக்கியம் அந்த அட்டையில் முதல் பெயர், வலி போன பிறகும் எடுக்கச் சொல்ல மாட்டாள், பெயர் படிக்கப்படும்போது அவள் முதுகு கொஞ்சம் நிமிரும். அவளை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. சனிக்கிழமை தோறும் அட்டையை எழுதுவது என் வேலை, ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் எழுத்து உருண்டையாக இருக்கும், பம்பு உதிரிப்பாகக் கடையில் பில் எழுதி எழுதி வந்த எழுத்து, பழைய ஐயர்தான் ஒருநாள் பார்த்துவிட்டு அருமைநாயகம் இனிமேல் நீங்களே எழுதுங்கள் என்றார். தொற்காள் செவ்வாய்க்கிழமை செத்தாள், புதன்கிழமை அடக்கம், சனிக்கிழமை என் கை அட்டையை எடுத்து ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று எழுதி ஐந்தாவதில் அவள் பெயரை எழுதிவிட்டது. பழக்கம்தான். பார்த்தேன், கோடு போட்டு அடிக்கவில்லை. பழைய ஐயர் அந்த ஞாயிறு நான்கு பெயரைப் படித்தார், ஒரு மூச்சு நேரம் நிறுத்தினார், ஆறாவது பெயருக்குப் போனார். என்னைப் பார்க்கவில்லை, பிறகும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் எழுதினேன், அவரும் நிறுத்தினார். நான்கு மாதம், ஞாயிறு தவறாமல், ஒரு மூச்சு நேரம். அந்த ஒரு மூச்சுக்காகத்தான் நான் கோயிலுக்கு வந்தேன், பாட்டுக்காகவும் இல்லை, பிரசங்கத்துக்காகவும் இல்லை, யாராவது கேட்டால் சொல்லியிருப்பேன், யாரும் கேட்கவில்லை. ஜூன் மாதம் அவரை மாற்றிவிட்டார்கள். மேலே இருப்பவர்களுக்கு எந்த வாய்க்காலில் தண்ணீர் ஒழுங்காகப் போகிறதோ அதை வெட்டி வேறு பக்கம் விட்டால்தான் தூக்கம் வரும்.

இஸ்ரவேல், சர்க்கரை, காலில் புண். சுகம் தாரும் கர்த்தாவே. பதில் சொல்கிறவர்களில் கனத்த குரல் ஜெயசிங்கின் குரல், கோயில் கமிட்டிச் செயலர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், நேற்றுச் சாயங்காலம் அட்டையை வாங்க வீட்டுக்கு வந்தான். நாற்காலியில் உட்காரவில்லை, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான், அதிலேயே தெரிந்துவிட்டது. "அண்ணாச்சி, மதினி பேரை இந்த வாரமும் எழுதிட்டீங்களா?" எழுதிட்டேன் என்றேன். "போன ரெண்டு வாரமும் என்ன ஆச்சுன்னு பாத்தீங்கல்லா. ஐயர் ஒண்ணுந்தெரியாம படிச்சுட்டாரு. பாதிப்பேரு வாயை மூடிக்கிட்டாவ, பாதிப்பேரு பழக்கதோசத்துல பதில் சொல்லிட்டாவ. செத்தவங்களுக்கு ஜெபம் பண்ணுறது நம்ம வழக்கமா அண்ணாச்சி? அது ஆர்.சி.காரங்க வழக்கம்லா." அவங்க பண்ணலாம், நான் பண்ணக்கூடாதோ என்றேன். "வம்புக்கு இழுக்காதீங்க. ஐயர்ட்ட சொல்ல எனக்கு ரெண்டு நிமிசம் ஆகுமா? சொன்னா அவரு முன்னால நீங்கதான் கிறுக்கன் மாதிரி நிக்கணும், அதுக்குத்தான் பாக்கேன். நீங்களாவே அடிச்சிருங்க. இல்லன்னா நாளைக்கு அந்தப் பேரு வரும்போது ஒரு ஆளும் பதில் சொல்லமாட்டோம். எல்லார்ட்டயும் சொல்லியாச்சு." பொம்பளையாளுகட்டயுமா என்று கேட்டேன். "அவங்ககிட்ட எங்க வீட்ல சொல்லிட்டா." அப்ப பக்கத்து ஊருக்கும் தெரிஞ்சிருக்கும் என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தான், நல்லவன்தான், அவன் நல்லவனாக இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அண்ணாச்சி, மதினி இப்ப கர்த்தர்கிட்ட சுகமா இருக்காவ. சுகமா இருக்கவங்களுக்கு எதுக்குச் சுகம் கேக்கணும்?" அட்டையை அவன் கையில் கொடுத்தேன். ஐந்தாவது பெயரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சட்டைப்பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினான். நான் கதவைச் சாத்தினேன், கொஞ்சம் ஓங்கித்தான்.

குழந்தை பெனினாள், காய்ச்சல். குழந்தைக்கு எல்லாரும் சத்தமாகச் சொல்கிறார்கள், நானும் சொன்னேன், சுகம் தாரும் கர்த்தாவே, அதன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஐயர் இடையில் நீளமாக ஜெபிக்கிறார், உமது சிறகுகளின் நிழலில் என்கிறார், எனக்குத் தண்ணீர் மெத்தை ஞாபகம் வருகிறது. முதுகுத்தண்டில் கட்டி வந்து தொற்காளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனபோது மெத்தையில் தண்ணீர் நிரப்பச் சொன்னார்கள், நிரம்ப விட்டால் கல்லாக இருக்கும், குறைந்தால் உடம்பு அடியில் போய்த் தட்டும், அந்த அளவு ஆஸ்பத்திரியில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை, நான் கையை வைத்து அமுக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகும். இரண்டு வருடம் புரட்டினேன். ஒரு நாள் கொஞ்சம் தாமதம், "என்ன நர்சம்மா, பத்து நிமிசம் லேட்டு, சம்பளத்துல பிடிச்சிரட்டுமா" என்றாள். அவளுக்குத் தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டேன், முதல் தடவை கண்ணாடியில் பார்த்துவிட்டு "இது சடையா, பம்புசெட்டு பெல்ட்டா" என்று கேட்டுச் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டியது. அதற்கு முன்னால் முப்பத்து நான்கு வருடம் அந்த வீட்டில் நாங்கள் என்ன பேசினோம். உப்பு இருக்கா, கரண்டு பில் வந்துட்டா, சாப்பிட வாங்க. காலையில் ஸ்பேனர் பையோடு போனால் இருட்டித்தான் வருவேன், அவள் தட்டை வைப்பாள், நான் தின்பேன், பிள்ளைகளும் இல்லை, பேச ஒரு சாக்கும் இல்லை. புரட்டும்போது முகமும் முகமும் அவ்வளவு பக்கத்தில் வந்துவிடும், ஏதாவது பேசித்தானே ஆகவேண்டும். சின்ன வயதில் கள்ளத்தனமாகச் சினிமாவுக்குப் போனதைச் சொன்னாள், நான் பெண் பார்க்கப் போன அன்றைக்கு என் காதுகளைப் பார்த்து அழுததைச் சொன்னாள், நானும் என்னென்னவோ சொன்னேன், எனக்குள் இவ்வளவு பேச்சு இருந்தது என்று எனக்கே தெரியாது. "எனக்கு நோவு வந்த பிறகுதான் ஒங்களுக்கு வாய் வந்திருக்கு" என்றாள். கமலபாய், இரத்த அழுத்தம், என்று நான்காவது பெயர். சுகம் தாரும் கர்த்தாவே. கமலபாய் டீச்சர், மாதர் சங்கத் தலைவி, ஒரு டஜன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு, தொற்காள், இந்தப் பாடுகளுக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரி, இதற்குள்ளே ஒரு சந்தோஷத்தை ஒளித்து வைத்திருக்கிறார் என்றாள். "அப்படியா டீச்சர்? அப்ப நீங்க கொஞ்சம் இதுல படுத்துக்கிடுங்க, நான் அந்த நாற்காலியில இருந்து ஸ்தோத்திரிக்கேன்" என்றாள் இவள். டீச்சர் போனபிறகு நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஆனால் டீச்சர் சொன்னது பொய் இல்லை. அதனால்தான் அவளைக் கண்டால் எனக்கு ஆகாது. ஒளித்து வைத்திருந்தது உண்மை, கண்டெடுத்தது படுத்துக்கிடந்தவள் இல்லை, நான். பீயும் மூத்திரமும் அள்ளிப் புண்ணுக்கு மருந்து வைத்த அந்த இரண்டு வருடம்தான் என் ஆயுளில் நான் சந்தோஷமாக இருந்த காலம். இதை எந்த வாயால் யாரிடம் சொல்வது. பெண்டாட்டியின் முதுகில் புண், புருஷனுக்குச் சந்தோஷம்.

நான்காவது பெயருக்கு ஐயர் இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கிறார், ரத்தக் குழாய்களைத் தொட்டு என்கிறார், தொடட்டும், நீளமாகவே தொடட்டும், அடுத்தது ஐந்து. இந்தக் கோயிலில் நூற்றைம்பது பேர் வாயை மூடப்போகிறார்கள், எனக்குப் பாடம் கற்பிக்க, அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். இரண்டு வருடமும் ஞாயிறு தோறும் அந்தப் பெயர் படிக்கப்பட்டது, கோயில் முழுக்கச் சுகம் தாரும் என்றது, நான் மட்டும் சொல்லவில்லை. முதல் தடவை தொண்டை அடைத்தது, அது சத்தியம். இரண்டாம் தடவை அடைக்கவில்லை. உதட்டை அசைத்தேன், சத்தம் விடவில்லை, பக்கத்தில் இருந்தவனுக்குச் சந்தேகம் வராதபடி. சுகம் கிடைத்துவிட்டால் அவள் எழுந்து அடுப்படிக்குப் போவாள், நான் ஸ்பேனர் பையை எடுப்பேன், தட்டை வைப்பாள், தின்பேன், கரண்டு பில் வந்துட்டா. அது எனக்கு வேண்டாம் என்றிருந்தது. அவள் சாகவேண்டும் என்று நினைக்கவில்லை, ஒருநாளும் இல்லை, இப்படியே இருக்கவேண்டும் என்று நினைத்தேன், இப்படியே, நான் புரட்ட அவள் பேச. ஒரு மத்தியானம் தலைமுடியைத் துவட்டும்போது கேட்டாள், "நான் எந்திரிச்சு நடந்துட்டா நீங்க திரும்ப ஊமையாயிருவீங்க, அப்படித்தான?" விளையாட்டுக்குத்தான் கேட்டாள், கண் மட்டும் விளையாடவில்லை. கிறுக்கு மாதிரிப் பேசாதே என்று சொல்லியிருக்கலாம், துண்டை உதறிக் கொடியில் போடப் போய்விட்டேன். அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் அத்தனை ஞாயிறும், கோயிலுக்குப் போய்ட்டு வாங்க, எனக்காக ஜெபிச்சுட்டு வாங்க என்று அனுப்பினாளோ. முப்பது வருடத்தில் எத்தனை கிணறு பார்த்திருக்கிறேன், புது மோட்டார், நல்ல கரண்டு, கிணறு நிறையத் தண்ணீர், ஆனால் மேலே ஒரு சொட்டு ஏறாது, கடைசியில் பார்த்தால் உறிஞ்சு குழாயில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும், அது வழியே காற்று இழுத்துவிடும். நூற்றைம்பது குரல் என்ன, ஆயிரம் குரல் என்ன. ஓட்டை நான். ஜெயசிங்குக்கு இது தெரிந்தால் அவள் பெயரை அடிக்கச் சொல்ல மாட்டான், என் பெயரை அடிக்கச் சொல்வான். அப்படியெல்லாம் இல்லை, டாக்டரே முதல் நாளே கையை விரித்துவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், தேவன் என்ன பம்புசெட்டா, ஓர் ஓட்டைக்கு நின்றுபோக. அப்படி நிற்காதவர் என்றால் நூற்றைம்பது பேர் கேட்டும் ஏன் கொடுக்கவில்லை. ஓட்டை என்னிடம் இல்லை என்றால் அவரிடம். இரண்டில் ஒன்றை நான் நம்பவேண்டும், எதை நம்பவும் பயமாக இருக்கிறது, அதனால்தான் சனிக்கிழமை வந்தால் கை எழுதிவிடுகிறது, அவள் இன்னும் வியாதியாகவே இருக்கட்டும், அட்டையிலாவது படுத்திருக்கட்டும், நான் புரட்டவேண்டிய நேரம் இன்னும் தப்பிப்போகவில்லை என்று இருக்கட்டும்.

"தொற்காள் அருமைநாயகம்." படித்துவிட்டார். நல்ல உச்சரிப்பு, ஒரு எழுத்தையும் விழுங்கவில்லை. பதில் இல்லை. ஜெயசிங் சொன்னதைச் செய்துவிட்டான், ஒரு குரல்கூட இல்லை, மின்விசிறி சுற்றுகிறது, யாரோ ஒரு பொம்பளை மூக்கை உறிஞ்சுகிறாள், குழந்தை பெனினாள்கூட அழவில்லை. ஐயர் மைக்கைத் தட்டிப் பார்க்கிறார், டொக் டொக், மைக் வேலை செய்கிறது. "தொற்காள் அருமைநாயகம், முதுகுத்தண்டில் கட்டி" என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகப் படிக்கிறார், இந்தச் சபைக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று அவர் குரலில் ஒரு குழப்பம். என் வாயும் மூடியிருக்கிறது. அப்போதுதான் அந்தச் சத்தமின்மை எனக்கு ஏற்கெனவே பழக்கமானதாகத் தெரிகிறது. இது என்னுடையது. இரண்டு வருடம் நான் வாய்க்குள் வைத்திருந்தது இவ்வளவு பெரியதா, கோயில் முழுக்க நிற்கிறதே, கூரை வரைக்கும் நிற்கிறதே, இதைத்தான் நான் ஞாயிறு தோறும் வீட்டுக்குக் கொண்டுபோய் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபிச்சுட்டு வந்தேன் என்று சொன்னேனா. இவர்களைத் திட்ட வாயைத் திறந்தேன், ஜெயசிங்கை, டீச்சரை, பெட்டி தூக்கியவர்களை, எல்லாரையும், திட்டத்தான் திறந்தேன். "சுகம் தாரும் கர்த்தாவே." என் குரல்தான். கிழட்டுக் குரல், தனியாக, உடைந்து, முன் பெஞ்சின் பலகையில் மோதித் திரும்பி வந்தது. உதடு மட்டும் அசைக்கவில்லை, சத்தமாகச் சொன்னேன், சொல்லும்போது கேட்டேன், உண்மையாகவே கேட்டேன், அவள் எழுந்து நடக்கட்டும், அடுப்படிக்குப் போகட்டும், என்னை விட்டு எங்கே வேண்டுமானாலும் போகட்டும், அவள் முதுகில் புண் வேண்டாம் என்று. ஐந்து மாதம் பிந்தி. ஜெயசிங்கின் தலை திரும்பியது. ஐயருக்கு ஒரு பதில் போதும் போல, நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கினார், உமது அடியாளை நினைத்தருளும் என்றார், படுக்கையை மாற்றிப்போடும் என்றார், அவரைப் பராமரிக்கிற குடும்பத்தாருக்கும் இந்தச் சோதனையின் நடுவிலே சந்தோஷத்தைத் தாரும் என்றார். அதைக் கேட்டு எல்லாருக்கும் வேர்த்திருக்கும். நான் கையிலிருந்து முகத்தை எடுத்தேன். கோயிலுக்குள் பதில் சொல்லவேண்டிய இடத்தைத் தவிர வேறு எதற்கும் என் ஆயுளில் நான் வாய் திறந்ததில்லை.

"அதை அப்பவே தந்துட்டாரு ஐயா" என்றேன். "அவ செத்துப்போனா. நீங்க அடுத்த பேரைப் படிங்க."